இட்டாவுனாஸ்: மணல் மூடிய ஊரும் தண்ணீர் ஊற்றாத மீன்சட்டியும்

பிரேசிலில் மொக்கேக்கா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பஹியா மாநிலத்து வகைதான். தெந்தே எனப்படும் செம்பனை எண்ணெய், தேங்காய்ப்பால், குடைமிளகாய் எல்லாம் சேர்ந்த கனமான மீன் குழம்பு அது. பஹியாவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில் செம்பனை எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் சட்டிக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். அந்த மாநிலத்தவருக்குக் கப்பிஷாபா என்று பெயர். "மொக்கேக்கா என்றால் கப்பிஷாபா, மற்றதெல்லாம் வெறும் மீன் குழம்பு" என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் வாசகம். பஹியாக்காரர்கள் காதில் விழும்படி உரக்கவே சொல்வார்கள்.

இந்தச் சண்டையின் எல்லைக்கோட்டில் இருக்கிறது இட்டாவுனாஸ். எஸ்பிரித்து சாந்துவின் வடகோடியில், கொன்செய்சாவ் தா பாஹா நகராட்சிக்கு உட்பட்ட சின்னக் கடலோர ஊர். கடற்கரையில் வடக்கே நடந்தே பஹியா எல்லையைத் தொட்டுவிடலாம். தார் போடாத தெருக்கள், ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு திடல், கறுத்த நீர் ஓடும் ஓர் ஆறு, ஆற்றுக்கு அப்பால் மணற்குன்றுகள், குன்றுகளுக்கு அப்பால் கடல். ஊரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறது.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அமைதிக்காகப் போகிறவர்கள் ஜூலையில் போனால் ஏமாந்துபோவார்கள். தேசிய ஃபொஹோ விழா அப்போதுதான். அக்கார்டியன், முக்கோணம், சபும்பா மேளம் மூன்றையும் வைத்துக்கொண்டு விடிய விடிய ஜோடி ஆட்டம் நடக்கும். ஃபொஹோ பிடித்தவர்களுக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. தூக்கம் பிடித்தவர்களுக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் தொடங்கிக் கார்னிவல் வரையிலும் கூட்டம்தான். ஜனவரி 20ஐ ஒட்டிப் புனித செபஸ்தியார், புனித பெனெதித்து விழாவும் டிக்கும்பி எனும் கறுப்பின மக்களின் நாட்டிய நாடகமும் நடக்கும். கொங்கோ ராஜாவும் பம்பா ராஜாவும் விழாவை நடத்தும் உரிமைக்காக வாள் சுழற்றும் அந்த ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் அறையை வெகு முன்னதாகவே பிடித்துவிட வேண்டும். உண்மையான அமைதி கார்னிவல் முடிந்து ஜூன் வரையிலும், பிறகு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையிலும் இருக்கும். நவம்பர், டிசம்பர் மழை மிகுந்த மாதங்கள்.

அமைதியான மாதங்களுக்கும் ஒரு விலை உண்டு. திங்கள் முதல் புதன் வரை பாதிச் சமையலறைகள் பூட்டியிருக்கும். கடற்கரைக் குடில்களில் ஒன்றிரண்டுதான் திறந்திருக்கும். ஆகவே வியாழன் வந்து ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துக் கிளம்புவது நல்ல கணக்கு. வாரநாளில்தான் வர முடியும் என்றால் அடுப்போடு கூடிய அறை எடுத்துக்கொள்ளலாம். மளிகையையும் காய்கறியையும் சாவ் மத்தேயுஸ் நகரத்திலேயே வாங்கிவிடுவது மேல்.

வழி சொல்வது எளிது, போவதற்குத்தான் பொறுமை வேண்டும். மாநிலத் தலைநகர் விட்டோரியாவிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். பிஆர்-101 நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருக்கும் என்பதால் காரிலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பேருந்தில் போனால் சாவ் மத்தேயுஸ் அல்லது கொன்செய்சாவ் தா பாஹா வரை நல்ல வசதி. அதற்கப்பால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் கடைசித் துண்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளூர்ப் பேருந்துக்கு நாளுக்குச் சில நடைகள் மட்டுமே. விட்டோரியாவில் காலை 7 மணிக்குள் ஏறிவிட்டால் பகலிலேயே சேர்ந்துவிடலாம். மதியம் ஏறினால் கடைசித் துண்டுக்கு டாக்சி பிடித்தாக வேண்டும். ரொக்கமும் வழியிலேயே எடுத்துவிட வேண்டும். பிரேசிலில் இப்போது கீரைக்கட்டு வாங்கினால்கூடப் பிக்ஸ் எனும் கைபேசிப் பணப்பரிமாற்றம்தான். அது உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. கார்டு எந்திரமோ சிக்னல் இல்லாத கடற்கரையில் கண்ணாமூச்சி காட்டும்.

வழியில் ஜன்னலோரம் உட்காருங்கள். யூகலிப்டஸ் தோப்புகள் அலுத்துப்போகும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். நடுநடுவே, வெயிலில் நட்டு வைத்த கம்பங்களில் ஏறியிருக்கும் கொடிகளைப் பார்த்தால் எங்கோ பார்த்த நினைவு வரும். மிளகுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன் அங்கே போய் மர நிழலே இல்லாமல் வளர்கிறான். பிரேசிலில் மிகுதியாக மிளகு விளையும் மாநிலம் எஸ்பிரித்து சாந்து. சாவ் மத்தேயுஸ் அதன் முக்கிய மையங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், கப்பிஷாபா மொக்கேக்காவில் மிளகுக்கு இடமில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விசாவைப் பற்றிக் கவலைப்படுகிற அளவு மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சிக்கல் போகும்போது அல்ல, திரும்பும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரேசில் இருப்பதால், அங்கிருந்து வருகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காத ஊசி, அதனால் டிக்கெட் எடுத்த வாரமே நாள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2017இல் எஸ்பிரித்து சாந்துவிலேயே அந்தக் காய்ச்சல் பரவி உயிர்ப்பலி ஏற்பட்டது.

இனி அந்த மணல். இப்போதைய ஊர் பழைய ஊர் அல்ல. பழைய இட்டாவுனாஸ் ஆற்றுக்கு மறுகரையில், கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே மணலைப் பிடித்து வைத்திருந்த கரையோரப் புதர்க்காட்டை மனிதர்கள் வெட்டினார்கள். பிடிப்பு போனதும் வடகிழக்குக் காற்று மணலை உருட்டத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆரம்பித்து, ஆண்டுக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஊர் மணலுக்குள் போனது. ஒரே இரவில் நடந்த பேரழிவு அல்ல அது. வாசலில் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்த கதை. ஜனங்கள் ஓடு, மரச்சட்டம் என்று கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் குடியேறினார்கள். இதே நகராட்சியின் தலைமை ஊரிலோ கதை தலைகீழ்: அங்கே கடல் ஏறிக் கரையோர வீடுகளைத் தின்றது.

குன்றுகளில் உயரமானவை 30 மீட்டர் வரை இருக்கும். 1991இல் மாநிலப் பூங்காவாக அறிவித்து, சுமார் 3,500 ஹெக்டேரைப் பாதுகாக்கிறார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் மணற்குன்று, அதைக் கடந்தால் கடல். தூரம் குறைவுதான், ஆனால் காலை 10 மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ரப்பர் செருப்பிலும் மணல் ஏறிச் சுடும்; வார் வைத்த செருப்பு நல்லது. பிற்பகலில் காற்று வலுத்தால் மணல் ஊசியாகக் குத்தும், கேமராவின் லென்ஸ் வளையத்துக்குள் புகுந்தால் அதோடு சரி. காலை 8 மணிக்குள் கடலுக்குப் போய்விட்டு, மாலை 4 மணிக்கு மேல் குன்றேறித் திரும்புவது உள்ளூர் வழக்கம். குறித்து வைத்த பாதையை விட்டு விலகக் கூடாது. மணலில் கிடக்கும் பானை ஓடுகளை எடுக்கவும் கூடாது. பழங்குடிகளின் பழம் வாழிடங்களும் இந்த மணலுக்குள் இருக்கின்றன.

வடக்கே கரையோரமாக 7, 8 கிலோமீட்டர் நடந்தால் ஹியாஷு தோசி, அதாவது நன்னீர் ஓடை. பஹியா எல்லை அதுதான். இந்த நடையின் ரகசியம் அலையேற்றக் கணக்கில் இருக்கிறது. கடல் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினால் ஈரமான கெட்டி மணலில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், ஓடையில் குளித்துவிட்டுத் திரும்பும்போதும் பாதி வழிக்குக் கெட்டித் தரை இருக்கும். ஏற்ற நேரத்தில் கிளம்பினால் சரிவான தளர்மணலில் கால் புதைந்து, அதே தூரம் இரட்டிப்பாகும். வழியில் நிழல் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும். அதே அளவுக்குத் திரும்பியும் வரும். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். இரவில் கரையில் டார்ச் அடிப்பதோ நெருப்பு மூட்டுவதோ கூடாது; வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலுக்கு எதிர்ப்பக்கம் ஊர்ந்துபோய்விடும்.

நடந்து வந்தால் பசிக்கும். சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. மொக்கேக்கா மதிய உணவு. 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கேட்டால்தான் அன்றைய மீன். இரவில் பெரும்பாலும் பீட்சா, வறுவல், சாண்ட்விச். ஒரு சட்டி என்பது குறைந்தது இரண்டு பேருக்கு. ஒரு சட்டி வர 40 நிமிடம் ஆகும், ஆக வேண்டும். 10 நிமிடத்தில் வந்தால் முன்பே வெந்த மீனைச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். தனியாளாகப் போனால் பிராத்து ஃபெய்ட்டு என்று கேட்கலாம்: சோறு, பீன்ஸ், பொரித்த மீன், கொஞ்சம் இலை என்று ஒரே தட்டில் வரும் மலிவான மதியச் சாப்பாடு. எல்லையோர ஊர் என்பதால் பட்டியலில் இரண்டு வகை மொக்கேக்காவும் இருக்கும். கப்பிஷாபா என்று சொல்லிக் கேட்காவிட்டால் தெந்தே மணக்கும் சட்டி வந்து நிற்கலாம். செம்பனை எண்ணெய் பழகாத வயிற்றுக்கு முதல்நாளே அது வேண்டாம்.

மீனின் பெயரையும் கேட்க வேண்டும். பதேஜு என்பது நம் கலவா மீனின் உறவு. தடித்த வெள்ளைச் சதை, சட்டியில் உடையாது, முதல் தேர்வு அதுதான். ஹொபாலு அடுத்தது, பார்வைக்கும் வாய்க்கும் நம் கொடுவாவை நினைவூட்டும். ஆனால் மே, ஜூன் மாதங்களை ஒட்டி அதற்கு இந்த மாநிலத்தில் தடைக்காலம். அந்த நாட்களில் "இன்று பிடித்த ஹொபாலு" என்று யாராவது சொன்னால் ஒன்று அது பழையது, அல்லது களவு. சதுப்புநில நண்டுக்கும் அப்படித்தான். ஆண்டின் முதல் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நண்டுகள் இணைசேரக் கூட்டமாக வெளியே நடமாடும், அப்போது பிடிப்பதும் விற்பதும் குற்றம். கசாவ்ம் என்று எழுதியிருந்தால் அது சுறா. விலை குறைவாக இருப்பது அதனால்தான்.

சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஓர் எச்சரிக்கையும். பனானா தா தேஹா எனும் பெரிய நேந்திர வகைப் பழத்தை மீனுக்குப் பதில் போட்டுச் செய்யும் மொக்கேக்கா இங்கே வழக்கமான துணைக்கறி. அதையே தனியாகக் கேட்டு சோற்றோடு சாப்பிடலாம். கூட வரும் பிராவ் எனும் கூழ் மட்டும் மீன் தலைச் சாறில் கிண்டியது. பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும். இரண்டையும் தள்ளிவிடுவது பாதுகாப்பு.

இப்போது சட்டிக்குள் போவோம். நம் சமையலறையில் இதைச் செய்து பார்க்கிற பலரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: கை சும்மா இருக்காது. புளி கரைக்கத் தோன்றும், மிளகாய்த்தூளைத் தேடும், கொதிக்கும்போது அரை டம்ளர் தண்ணீர் விடும், கரண்டியால் கிளறும். நான்கையும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாலு பேருக்குக் கெட்டிச் சதை மீன் ஒரு கிலோ. கலவா, கொடுவா, விளை மீன் எல்லாம் நன்றாக வரும். வஞ்சிரம் சற்று வறண்டுபோகும், அதற்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். துண்டுகள் தோலோடும் நடுமுள்ளோடும் 3 சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். கடையில் வழக்கமாக வெட்டித் தரும் மெல்லிய துண்டு இதற்கு உதவாது, வேகும்போதே உதிர்ந்துவிடும். இரண்டு தேக்கரண்டி உப்பும் ஒரு எலுமிச்சைச் சாறும் தடவி அரை மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் எலுமிச்சையின் புளிப்பே மீனை வெளிப்புறம் வேகவைத்து, பிறகு சட்டியில் ரப்பராக்கும்.

அடுத்தது நிறம். சிவப்பு மிளகாயாலும் இல்லை, தக்காளியாலும் இல்லை. உருக்கும் எனும் விதையால். நம் ஊரில் அன்னாட்டோ என்று கேட்டால் கிடைக்கும். விதையின் மேல்தோலில் உள்ள சாயம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. 200 மில்லி சமையல் எண்ணெயில் 4 மேசைக்கரண்டி விதையைப் போட்டு, மிகச் சிறிய தீயில் 5 நிமிடம் வைத்தால் எண்ணெய் செங்காவி நிறமாகும். விதையைச் சுற்றி மெல்லிய குமிழி வந்தவுடன் இறக்கி, ஆறவிட்டு வடிகட்ட வேண்டும். புகை வந்தால் தோற்றோம்: விதை கறுக்கும், எண்ணெய் கசக்கும், நிறமும் பழுப்பாகும். சரியாக எடுத்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, குளிர்பெட்டியில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பிரேசில் கடைகளில் கொலொராவ் என்ற பெயரில் விற்கும் சிவப்புத் தூளைக் கண்டு அவசரப்பட வேண்டாம். அதில் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். குழம்பு மங்கலாகிக் கெட்டிப்படும்.

மண்சட்டியைச் சிறு தீயில் 5 நிமிடம் சூடாக்கி, உருக்கும் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி விட வேண்டும். நசுக்கிய பூண்டு 4 பல். வாசம் வந்ததும், நிறம் மாறுவதற்கு முன்பே, நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, கைப்பிடி கொத்தமல்லி. அதன்மேல் மீன் துண்டுகளை ஒரே அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பவும். இடம் போதவில்லை என்றால் சட்டிதான் சிறியது, மீனை அடுக்கிச் சமாளிக்க முடியாது. அடியில் இருப்பது குழைந்து, மேலே இருப்பது வேகாமல் நிற்கும். மீனின் மேல் இன்னொரு வெங்காயமும் இரண்டு தக்காளியும் வட்டமாக அரிந்து வைத்து, மிச்சக் கொத்தமல்லி முழுவதும். ஒரு பெரிய கட்டு கொத்தமல்லி இதில் அதிகமே இல்லை. தண்டையும் சேர்த்தே நறுக்கலாம்.

மூடி போட்டு நடுத்தரத்துக்கு மேலான தீ. தண்ணீர் இல்லையே என்ற பயம் முதல் 6, 7 நிமிடம் இருக்கும். பிறகு தக்காளியும் வெங்காயமும் மீனும் விட்ட சாறு சட்டியின் பாதிவரை ஏறிவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். வஞ்சிரத்துக்கு 12 போதும். இடையில் இரண்டு தடவை, துணியால் சட்டியின் இரு காதையும் பிடித்து, வட்டமாக ஓர் ஆட்டு. கரண்டி உள்ளே போகக் கூடாது, மீனைத் திருப்பவும் வேண்டியதில்லை. மேல் சாறை மட்டும் எடுத்துச் சுவைத்து, உப்பு பார்த்து, அரை எலுமிச்சை பிழிந்து இறக்கலாம். சதை இன்னும் ஒரு சொட்டு வேக வேண்டும் என்ற நிலையில் இறக்குவதுதான் சரி. மண்சட்டி மேசைக்கு வந்த பிறகும் பல நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கு மீன் குழைந்துபோகும். காரம் வேண்டுவோருக்கு எண்ணெயில் ஊறிய சிறு மிளகாய் தனியாக வரும். குழம்புக்குள் போடுவதில்லை.

சாறு நீர்த்துப்போனால் காரணம் பெரும்பாலும் உறைமீன். அதை முந்திய இரவே குளிர்பெட்டியில் வடிதட்டின் மேல் வைத்து நீரை வடியவிட்டிருக்க வேண்டும். ஹைப்ரிட் தக்காளியில் வெறும் நீராக இருக்கும் விதைப்பகுதியைப் பாதி எடுத்துவிடலாம். சாறு குறைந்து அடிபிடித்தால் தீ கூடுதல், அல்லது மூடி சரியாகப் பொருந்தவில்லை.

பிராவுக்கு மீன் தலையையும் துண்டு மீதிகளையும் அதே மசாலாவோடு 700 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஏறக்குறைய அரை லிட்டர் சாறு கிடைக்கும். அதில் ஃபரீனியா எனும் வறுத்த மரவள்ளி மாவு 80 கிராம். கொதிக்கும் சாறில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே உலர்மாவைப் பூட்டி வைத்துக்கொள்ளும். சாறை ஆறவிட்டு, மாவைத் தூவிக் கரைத்து, அதன் பிறகே அடுப்பேற்றிக் கிண்ட வேண்டும். களியைவிடத் தளர்வாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இறக்கினால், தட்டுக்கு வரும்போது சரியாக இறுகியிருக்கும்.

இந்த ஃபரீனியா நம் கடையில் கிடைக்கும் மரவள்ளி மாவு அல்ல. ஜவ்வரிசிப் பொடியும் அல்ல. அவை மாவுச்சத்து மட்டும், இழுபடும். லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் பிரேசில், போர்த்துகீசியக் கடைகளில் அசல் கிடைக்கும். ஆப்பிரிக்கக் கடைகளில் 'கரி' (gari) என்ற பெயரில் விற்கும் மரவள்ளி ரவை புளிக்கவைத்தது என்றாலும் அவசரத்துக்கு ஆகும். ஊரில் இருப்போர் வீட்டிலேயே செய்யலாம். தோலுரித்த மரவள்ளி ஒரு கிலோவைத் துருவி, துணியில் கட்டி, முடிந்த அளவு பிழிந்து, பிழிந்ததை உதிர்த்துச் சலித்து, அகன்ற இரும்பு வாணலியில் சிறு தீயில் அரை மணி நேரம் கைவிடாமல் வறுத்தால் 300 கிராம் அளவு தேறும். கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டு என்பதால் பிழிவதையும் வறுப்பதையும் குறைக்கக் கூடாது. கசக்கும் கிழங்கு என்று தெரிந்தால் வீட்டில் முயலவே வேண்டாம்.

பிழிந்த வெள்ளை நீரைக் கொட்டிவிடாதீர்கள். நாலு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் மாவுச்சத்து கெட்டியாகப் படியும். மேல்நீரைத்தான் கொட்ட வேண்டும், அதை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளும் இதே படிவிலிருந்துதான் தொடங்குகின்றன. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, அங்கே பெய்ஜூ எனும் அடை ஆகிறது, இங்கே பாயசம் ஆகிறது. இட்டாவுனாஸைச் சுற்றியிருக்கும் சப்பே தோ நோர்ச்சி பகுதியில், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் வழிவந்த கிலொம்போலா சமூகங்கள் பெய்ஜூவைத் தங்கள் கைத்தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்குக் காபியோடு தேங்காய்ப் பெய்ஜூ. கிராமத்தில் விற்பவர் வந்தால் மறுநாளைக்கும் சேர்த்து வாங்கிவிடலாம், மொறுமொறுப்பான வகை கெடாது.

வீட்டில் செய்ய, படிந்த மாவின் மேல் உலர்ந்த துணியைப் போட்டு ஈரத்தை இழுக்கவிட்டு, விரலால் உதிர்த்துச் சலிக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்கவும், தட்டினால் உதிரவும் வேண்டும், அதுதான் பதம். எண்ணெய் தடவாத தோசைக்கல்லை நடுத்தரச் சூட்டில் வைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மாவைத் தூவிப் பரப்பினால், ஒரு நிமிடத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டு அடையாகும். ஓரம் எழும்பியதும் திருப்பி, துருவிய தேங்காயும் துளி உப்பும் போட்டு மடித்துவிடலாம். ஒட்டாமல் பொடியாகவே நின்றால் ஈரம் போதவில்லை. கட்டி கட்டியாக வந்தால் அதிகம்.

கடைசியாகச் சட்டி. விட்டோரியாவின் விமான நிலையத்தை ஒட்டிய கோயாபெய்ராஸ் பகுதியில்தான் அசல் கறுப்புச் சட்டி உருவாகிறது. முலெம்பா பள்ளத்தாக்கின் களிமண்ணைச் சக்கரம் இல்லாமல் கையாலும் சுரைக்குடுக்கைத் துண்டாலும் வனைந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்தவெளியில் விறகடுக்கிச் சுடுகிறார்கள். நெருப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, செங்கண்டல் மரப்பட்டையின் சாயநீரை இலைக்கொத்தால் அடித்து ஏற்றுவார்கள். கறுப்பு நிறம் அந்தத் துவர்ப்பிலிருந்து வருவது, பெயின்ட் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காத்த இந்தத் தொழிலை, 2002இல் பிரேசில் அரசு பொருள் வடிவில் இல்லாத பண்பாட்டுச் சொத்துகளின் பதிவேட்டில் முதலாவதாகச் சேர்த்தது. நெடுஞ்சாலைக் கடைகளில் சக்கரத்தில் வனைந்து கறுப்படித்த சட்டிகளும் இருக்கும். உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள்: சீரான வளைய வரிகள் இருந்தால் சக்கரம். அசலில் கனம் ஒரே சீராக இருக்காது.

போகும்போது வாங்காமல் திரும்பும்போது, விமானம் ஏறும் நாளில் வாங்குவது நல்லது. நாலு பேருக்கு 28 சென்டிமீட்டர் அகலம் சரியாக இருக்கும். மூடியைத் தனியாகச் சுற்றி, சட்டிக்குள் அழுக்குத் துணிகளை இறுக்கமாக அடைத்து, கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள்; சரக்கில் போட்ட சட்டி ஓடாகத்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, உட்புறம் முழுக்க எண்ணெய் தடவி, சிறு தீயில் எண்ணெய் சுண்டி மணம் மாறும்வரை வைத்து, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். மறுநாள் இன்னொரு முறை. சூடான சட்டியை கிரானைட் மேடையில் வைத்தால் விரிசல் விடும், மரப்பலகையோ மடித்த துணியோ வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. கழுவிய ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்தால் நாலே நாளில் பூசணம் பூக்கும். மூடியைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் ஒரு காகிதம் வைத்துவிட்டால் போதும்.